காலமும் காணியுரிமையும்: மறிச்சுக்கட்டி புகட்டும் பாடம்

உரிமையுடையான் அதனை உரிய காலத்தே கோருதல் வேண்டும் என்பது பண்டுதொட்டு நீதிநூலார் ஒப்பிய முடிபு. காலஞ் செல்லச் செல்லச் சாட்சிகள் இறப்பர், உறுதிகள் அழியும். நெடுங்காலம் ஒரு நிலத்தைத் தடையின்றி ஆண்டுவந்தவனுக்கும் மனவமைதி வேண்டும். ஆதலின், வழக்குக்குக் காலவெல்லை வகுத்தல் நாடுகள் பலவற்றிலும் வழங்கும் முறையாயிற்று.

இலங்கையில் உரோம-ஒல்லாந்தச் சட்டம் நிலவுரிமைக்கு நூற்றாண்டின் மூன்றிலொரு பங்கினை எல்லையாகக் கொண்டது. ஆங்கிலேயர் 1822இலும் 1834இலும் அதனை மாற்றியமைத்தனர். பின்னர் எழுந்த 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படையாய் நிற்கின்றது.

இச்சட்டம் எல்லா விவகாரங்களையும் ஒரே கோலால் அளப்பதன்று. இதனை விளக்க மன்னார்க் கரையின் வரலாறு உதவும். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது மறிச்சுக்கட்டிக் கரையில் ஒரு தற்காலிக நகரமே எழுந்தது. கீழக்கரை முதலிய துறைகளிலிருந்தும் அராபியக் கரைகளிலிருந்தும் குளிப்போரும் வணிகரும் வந்து குழுமினர். அத்தகைய நகரிலே கடனுக்குச் சரக்கு விற்ற வணிகனும், கூலி பெறாத தொழிலாளியும் ஓராண்டுக்குள் வழக்கிடல் வேண்டும். வாய்மொழி உடன்படிக்கைக்கு மூன்றாண்டு, எழுத்துமூல உடன்படிக்கைக்கு ஆறாண்டு, தீங்கிற்கு நட்டஈடு கோர இரண்டாண்டு, ஈட்டுக்குப் பத்தாண்டு. சான்று எத்துணை உறுதியோ, காலமும் அத்துணை நீண்டதென்பது இவ்வகுப்பிற் பெரிதும் புலனாகும். குற்ற வழக்கிலோ எல்லை இருபதாண்டு. கொலைக்கும் இராசத்துரோகத்திற்கும் எல்லையே இல்லை.

காணிக்கு எல்லை பத்தாண்டு. பிறனது நிலத்தை, அவனுரிமையை ஏற்காது, இடையறாது பத்தாண்டு ஆள்வோன் அதற்கு உரியவனாவான். எனினும் சிறுவர், சித்த சுவாதீனமற்றோர், கடல்கடந்து வாழ்வோர் ஆகியோர்க்குச் சட்டம் விலக்களித்தது. வழக்கிட இயலாதவனை, வழக்கிடாதவன் என்று தண்டித்தல் அறமன்று என்பதே இவ்விலக்கின் கருத்து.

1871இல் சட்டம் இயற்றியோர் எண்ணாத இடர் ஒன்று 1990 அக்டோபரில் நேர்ந்தது. தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000 பேருக்கு மேற்பட்டோர் ஏதிலிகளாயினர். மறிச்சுக்கட்டி மக்களும் அவருள் அடங்குவர். பலர் அண்மையிலுள்ள புத்தளத்தில் வாழ்ந்தனர். இங்கே சட்டத்தின் குறை வெளிப்பட்டது. கடல்கடந்து இராமேசுவரம் சேர்ந்திருந்தவனது காணியைப் பின்னர்ப் பிறன் கைப்பற்றின், அவனுக்கு விலக்குண்டு. தரைவழியே புத்தளம் சென்றவனுக்கோ அஃது இல்லை. இருவரும் வீடிழந்தோரே, இருவரும் திரும்ப இயலாதோரே. ஆயினும் கடல் ஒன்றே அவரிடை வேற்றுமை செய்தது.

இக்குறையைக் களைய 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக்குழுக்களின் செயலால் நீதிமன்றை நாட இயலாதிருந்தோர்க்கு அக்காலம் கணக்கிடப்படாது என அது விதித்தது. ஆனால் அச்சட்டத்தின் ஆயுளே இரண்டாண்டுதான். காலத்தின் கொடுமையை நீக்க வந்த சட்டமும் காலத்திற்குக் கட்டுண்டது.

மறிச்சுக்கட்டியிற் பிறிதொரு சிக்கலும் உண்டு. மக்கள் நீங்கிய ஆண்டுகளில் நிலங்களைக் காடு மூடியது. 2012இல் அப்பகுதிக் காடுகள் ஒதுக்கக்காடாக வர்த்தமானியிற் பிரகடனப்படுத்தப்பட்டன. 2017இல் மாவில்லு ஒதுக்கக்காட்டுப் பிரகடனம் தொடர்ந்தது. தம் முன்னோர் நிலமும் அவற்றுள் அகப்பட்டதென மக்கள் முறையிட்டனர். வில்பத்துவை அடுத்த காட்டினைக் காத்தல் வேண்டுமெனச் சூழலியலார் வாதிட்டனர். 1871ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் உரிமையைத் தீண்டாது. எனவே உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவன், எத்தனை தலைமுறை அரசகாணியில் உழுதிருப்பினும், ஆட்சியினால் மட்டும் அதற்கு உரியவனாகான். பத்திரமுள்ளோரும் போரில் அதனை இழந்திருப்பின், நிறுவுதல் அரிதாகும்.

காலவெல்லை வேண்டாத ஒன்றன்று. அஃது இல்லையேல் வழக்குகள் முடிவுறா. ஆனால் உறங்கினவனுக்கு வகுத்த விதியை, விரட்டப்பட்டவன்மேற் செலுத்துதல் நீதியாகாது. ஆண்டுகளை எண்ணுமுன், அவ்வாண்டுகளில் அவன் வர முடிந்ததா என வினவுதலே சட்டத்திற்கு அழகாகும்.