சாகாத காட்டுக்கு எழுதப்பட்ட இரங்கற்குறிப்பு

1941ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்குக் கிழக்கே 320 ஏக்கர் நிலத்தில் ஒரு விநோதமான பணி நடந்தது. நோயுற்றவை எனக் கண்டறியப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட சவாரோக்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் குழிகளில் புதைக்கப்பட்டன. அவற்றைப் பாதுகாப்பதற்கென்றே அந்த நிலம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு, நோய்க்குக் காரணம் எனக் கருதப்பட்ட நுண்ணுயிரிக்கு எர்வினியா கார்னிஜியானா என்று பெயரிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் காடு ஏறத்தாழ மறைந்துவிடும் என்ற கணிப்பு 1960களில் ஆய்விதழ்கள்வரை சென்றது. நூற்றாண்டு முடிந்தது; காடு மறையவில்லை. அக்கணிப்பு எங்கே பிழைத்தது என்பது தாவரவியல் வரலாற்றில் ஒரு சிறு நிகழ்வுதான். ஆயினும், ஓர் உயிரினத்தை எவ்வளவு காலம் கவனித்த பின் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம் என்ற கேள்வி எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது.

சவாரோ என்பது மரம்போல் ஓங்கி வளரும் கள்ளி. 12 மீட்டர் உயரமும் பல டன் எடையும் எட்டக்கூடியது. அதன் இயற்கை வாழிடம் சொனோரப் பாலைநிலம் ஒன்றே: அரிசோனாவின் தென்பாதி, மெக்சிகோவின் சொனோரா மாநிலம், கலிபோர்னியாவின் கிழக்கோரத்தில் ஒரு சிறு பகுதி. அந்த நிலத்துக்கு ஆண்டில் இரு மழைக்காலங்கள் உண்டு. குளிர்காலத்தில் மென்மழை; கோடையின் நடுவில் இடியுடன் பெருமழை. ஆழமற்றுப் பரந்திருக்கும் வேர்கள் கிடைத்த நீரை விரைந்து உறிஞ்ச, தண்டின் மடிப்புகள் விரிந்து அதைச் சேமிக்கின்றன. நீடித்த உறைபனியை அது தாங்காது. ஆகவே வடக்கிலும் மலைச்சரிவுகளின் மேற்பகுதியிலும் அதன் எல்லையைக் குளிரே வகுக்கிறது.

தமிழில் இதைக் ‘கள்ளி’ என்று சொல்லும்போது ஒரு சிறு எச்சரிக்கை தேவை. நம் இலக்கியங்களும் கிராமங்களும் தொன்றுதொட்டு அறிந்த கள்ளி, சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்ற பால்சுரக்கும் தாவரங்களின் பெயர். அவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. சவாரோ அடங்கிய குடும்பமோ ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததே. வறட்சி என்ற ஒரே நெருக்கடி இரு வேறு வம்சங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. சவாரோவைக் கீறினால் பால் வடியாது.

அதன் பெயர்களிலேயே ஒரு வரலாறு படிந்துள்ளது. ‘சவாரோ’ என்ற சொல் சொனோரப் பகுதியின் பழங்குடி மொழி ஒன்றிலிருந்து ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது எனக் கருதப்படுகிறது. எழுத்தில் அதற்குக் ககரம் உண்டு, ஒலிப்பில் இல்லை. 1846இல் அப்பகுதியைக் கடந்த அமெரிக்கப் படை அதிகாரி எமரியின் குறிப்புகளை ஒட்டி, 1848இல் தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கெல்மான் அதற்குச் செரியஸ் ஜைகாண்டியஸ் எனப் பெயரிட்டார். 1908இல் பிரிட்டனும் ரோஸும் அதைத் தனிப் பேரினமாக்கி, எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் நினைவாகக் கார்னிஜியா என்றனர். டூசானின் துமாமோக் குன்றில் 1903இல் பாலைநில ஆய்வகத்தை நிறுவியது அவர் பெயரிலான நிறுவனமே. அந்தக் குன்றின் பெயர் ஓதாம் மொழிக்குரியது. ‘கொம்புப் பல்லி மலை’ என்பது அதன் பொருள்.

ஓதாம் மக்கள் அத்தாவரத்தை ஹாஷஞ் என்கின்றனர். அவர்களது நாட்காட்டியில் அதன் கனி பழுப்பதைக் கொண்டே பெயர்பெற்ற ஒரு மாதம் உண்டு. கோடையின் கடும் வெம்மையில், சவாரோவின் உலர்ந்த விலாக்கட்டைகளை இணைத்துச் செய்த நீண்ட துறட்டுக்கோலால் கனிகளைப் பறிப்பர். சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி, அதன் ஒரு பகுதியைப் புளிக்கவைத்து, மழையை அழைக்கும் சடங்கில் பகிர்ந்து அருந்துவர். அதன்பின் பெருமழை, அதன்பின் விதைப்பு. சவாரோ இல்லாமல் ஆண்டு தொடங்குவதில்லை. 1853இல் கையெழுத்தாகி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த காட்ஸ்டன் உடன்படிக்கை, அம்மக்களைக் கேளாமலேயே அவர்களது நிலத்தை இரு நாடுகளாகப் பிரித்தது.

1933ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று, பதவி விலகுவதற்கு மூன்று நாட்களுக்கு முன், குடியரசுத் தலைவர் ஹூவர் சவாரோ தேசிய நினைவுச்சின்னத்தை அறிவித்தார். அரிசோனா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஹோமர் ஷான்ட்ஸ் அதற்காகப் பெரிதும் முயன்றவர். அவர்களைக் கவர்ந்தது முதிர்ந்த பெருங்கள்ளிகள் நெருங்கி நின்ற காடு. அந்த நெருக்கத்தின் அழகில் ஓர் உண்மை கவனத்துக்கு வராமல் போயிற்று: அங்கே முதியோர் இருந்தனர், குழந்தைகள் இல்லை.

சவாரோவின் வாழ்நாள் 150 முதல் 200 ஆண்டுகள். முதல் எட்டு ஆண்டுகளில் அது 4 சென்டிமீட்டர்கூட வளர்வது அரிது. முதற்பூ மலர ஏறத்தாழ 35 ஆண்டுகள். முதற்கிளை தோன்ற 50 முதல் 70 ஆண்டுகள். ஒரு கனியில் 2000 விதைகள் இருந்தாலும், பாலோவெர்டே, மெஸ்கீட் போன்ற ‘செவிலி மரங்களின்’ நிழலில் விழுந்தவையே பெரும்பாலும் பிழைக்கும். 1880களிலிருந்து அந்த மரங்கள் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு விறகாயின. எஞ்சிய நிழலில் முளைத்த நாற்றுகளை மேய்ச்சல் மாடுகள் மிதித்தன. ஆக, 1930களில் நின்றிருந்தது அதற்கு முந்தைய நூற்றாண்டு விட்டுச்சென்ற காடு. முதுமையாலும் 1937 சனவரியின் கடும் உறைபனியாலும் அது சாயத் தொடங்கியபோது, வாரிசுகளைத் தடுத்த காரணங்களைவிட அழுகிய தண்டுகளே கண்ணுக்குத் தெரிந்தன. குற்றம் நுண்ணுயிரியின் மீது விழுந்தது.

1970களில் வாரன் ஸ்டீன்பெர்க், சார்லஸ் லோ ஆகியோரின் நெடிய ஆய்வுகள் இத்தீர்ப்பை மாற்றின. உறைபனி சவாரோவை உடனே கொல்வதில்லை, காயப்படுத்திவிட்டுச் செல்கிறது, சாவு சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிரி பெரும்பாலும் அந்தக் காயத்தின் வழியே பின்னர் நுழைகிறது. பிணத்தின் அருகில் காணப்பட்டவனையே கொலைகாரன் என்று கருதியதுபோல்தான் இது. விறகுவெட்டும் மேய்ச்சலும் நின்றபின், மழை மிகுந்த ஆண்டுகளில், அதே நிலத்தில் இளஞ்செடிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன.

துமாமோக் குன்றின் வரலாறு இதைவிட நுட்பமானது. 1908இல், கார்னகியின் பெயர் தாவரத்துக்குச் சூட்டப்பட்ட அதே ஆண்டில், வோல்னி ஸ்பால்டிங் அங்குள்ள சவாரோக்களைக் கணக்கிட்டுக் குறித்துவைத்தார். 1910இல் ஃபாரஸ்ட் ஷ்ரீவ், புதிய செடிகள் தோன்றும் வேகம் இழப்பை ஈடுசெய்யப் போதாது என்று கவலையுடன் எழுதினார். அவர் கண்டது பொய்யன்று. ஆனால் அதே நிலப்பகுதிகளைத் தலைமுறை தலைமுறையாக எண்ணிவந்த ஆய்வு, 1998இல் எலிசபெத் பியர்சனும் ரேமண்ட் டர்னரும் எழுதிய கட்டுரையாக வெளிவந்தபோது, வேறொரு சித்திரம் தெரிந்தது. சவாரோ ஆண்டுதோறும் சீராகப் பெருகுவதில்லை. சில பத்தாண்டுகள் வறண்டுகிடக்கும். சில பத்தாண்டுகளில் ஒரு தலைமுறையே முளைத்தெழும். 85 ஆண்டுகள் எண்ணியும், கவனிக்கப்பட்டது ஒரு செடியின் பாதி வாழ்நாளே.

இதிலிருந்து எளிதான ஆறுதலைப் பெறுவது இன்னொரு பிழையாகும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து நீடிக்கும் வறட்சியில் இளஞ்செடிகள் மிக அரிதாகவே தோன்றுகின்றன. 2023 கோடையில் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது; இரவும் குளிரவில்லை. சவாரோ இரவில்தான் தன் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்குகிறது. இரவின் குளிர்ச்சி பறிபோனபோது, நெடுநாள் நின்ற செடிகள் கிளை முறிந்து சரிந்தன. அத்துடன் மண்ணரிப்பைத் தடுக்கவும் தீவனத்துக்காகவும் 1930களில் அரிசோனாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் அயல்புல், தீயறியாத அந்தப் பாலைநிலத்தில் தீயைப் பரப்புகிறது. அந்தப் புல் தமிழருக்குப் புதிதன்று. காங்கேயம் வட்டாரக் கொறங்காடுகளில் மாடுகள் விரும்பி மேயும் கொழுக்கட்டைப்புல்தான் அது. ஓரிடத்தின் செல்வம் வேறிடத்தில் கேடாவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் இன்றைய எச்சரிக்கையும் பழையதுபோலப் பொய்த்துவிடுமா? இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1940களில் எண்ணப்பட்டவை சாவுகள் மட்டுமே. இன்று பிறப்பும், இரவின் வெப்பமும், தீயும் சேர்த்து எண்ணப்படுகின்றன. அன்றைய கணிப்பு பொய்த்ததைக் காட்டி இன்றையதைப் புறந்தள்ளுவோர், அன்று காடு மீண்டதற்குக் கோடரியும் மந்தையும் விலகியதும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடுகின்றனர். காடு தானாகத் தப்பிவிடவில்லை.

2020இல் எல்லைச்சுவர் கட்டுமானத்துக்காக ஆர்கன் பைப் கள்ளி தேசிய நினைவுச்சின்னத்தில் சவாரோக்கள் சாய்க்கப்பட்டன. 2021இல் தோஹோனோ ஓதாம் நாட்டின் சட்டமன்றம், ஹாஷஞ் ஓர் ஆள் என்ற தகுதியை உடையது என்று தீர்மானம் நிறைவேற்றியது. சட்ட உலகுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். அம்மொழியின் மரபில் அது புதுமையன்று. அங்கே சவாரோ முன்பே மனிதருக்கு உறவு. ஆய்வகம் ஒரு நூற்றாண்டு எண்ணிக் கற்ற பொறுமையை அந்தச் சமூகம் ஆண்டுதோறும் கனி பறிக்கும் பழக்கத்திலேயே காத்துவந்திருக்கிறது. பறித்த கனியின் தோலை, சிவந்த உட்புறம் வானை நோக்கியிருக்கும்படி செடியின் அடியில் வைத்துவிட்டு நகர்வது அவர்கள் வழக்கம். மழை வருமா என்பதைப் பற்றிய கணிப்பு அன்று அது, மழைக்கான வேண்டுகோள்.