தோற்றுப்போன சுரங்கம் காட்டை என்ன செய்தது? தேவாலா–பந்தலூர்ப் பகுதியை முன்வைத்து

வெப்பமண்டல மழைக்காடுகளைத் தங்கச் சுரங்கம் எவ்வாறு அழிக்கிறது என்று கேட்டால் ஆய்வாளர் பலரும் அமேசானைத்தான் காட்டுவர். 2001க்கும் 2013க்கும் இடையில் தென் அமெரிக்காவில் சுமார் 1,680 சதுர கிலோமீட்டர் ஈரக்காடு தங்கத்துக்காக அழிந்தது என்று ஆல்வாரெஸ்-பெரியோஸ், எய்ட் ஆகியோரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. பெரு நாட்டின் மாத்ரே தே தியோஸ் பகுதியில் மட்டும் 1980களின் நடுவிலிருந்து 2017 வரை ஏறத்தாழ 1 லட்சம் ஹெக்டேர் காடு போயிற்று. செயற்கைக்கோள் படங்களில் பச்சை மறைந்து சேற்றுக் குட்டைகள் தோன்றும் இடங்களை எண்ணிச் சேர்த்த கணக்கு இது. இதன் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இம்முறை, தோண்டப்பட்ட குழியின் பரப்பையே சேதத்தின் பரப்பாகக் கொள்கிறது. தோண்டிய காலத்தையே சேதத்தின் காலமாகவும் கொள்கிறது. இந்த இரண்டும் போதாதவை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. பொன் பெரிதாகக் கிடைக்காமலே போன ஒரு சுரங்கப் பகுதிதான் அந்தச் சான்று.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று இறங்கிச் செல்லும் நிலம், 1877 வரை மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியாக இருந்தது. தென்மேற்குப் பருவமழை முதலில் மோதும் சரிவுகள் இவை. இன்றும் ஜூன், ஜூலை மாதங்களில் மாநில மழைப் பட்டியலின் முன்வரிசையில் தேவாலாவும் பந்தலூரும் இருக்கும். பசுமைமாறாக் காடும் ஈர இலையுதிர்க் காடும் கலந்த மண். இங்குள்ள ஓடைகளில் பழங்குடியினரான பணியரும் குறும்பரும் சன்மிகள் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர்களுக்காக மணல் அரித்துப் பொன் எடுத்துவந்தனர். மரத்தட்டும் கையும் கொண்டு செய்த அந்த அரிப்பு, மலையின் உருவத்தை மாற்றக்கூடிய அளவினதாக இருக்கவில்லை.

மாற்றம் 1870களில் வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1875இல் இப்பகுதியின் பொன்வயல்களைப் பற்றி எழுதினார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரவ் ஸ்மித் அரசின் அழைப்பில் வந்து ஆராய்ந்து 1880இல் அறிக்கை தந்தார். அவர் அறிக்கையின் நம்பிக்கைத் தொனி இலண்டன் பங்குச் சந்தையை மேலும் கிளப்பிவிட்டது. 1879 முதல் 1881 வரை டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. பாறை இடிக்கும் கனரக இயந்திரங்கள் மலைச்சாலை வழியே மேலே இழுக்கப்பட்டன. பந்தலூர் சில மாதங்களில் ஊராயிற்று. அறிக்கை காட்டிய பொன்னுக்கும் ஆலை அரைத்து எடுத்த பொன்னுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்ததால் சில ஆண்டுகளில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. 1901இல் ஹேடன், ஹாட்ச் ஆகியோர் மீண்டும் ஆராய்ந்து எழுதியதும் ஊக்கம் தருவதாக இல்லை.

பொருளாதார வரலாற்றில் இது ஒரு பங்குச் சந்தைக் குமிழியாக முடிந்துவிடுகிறது. சூழல் வரலாற்றில் அப்படி முடிக்க முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழலாம். காட்டை முதலில் வெட்டியவர்கள் காப்பித் தோட்டக்காரர்கள், தங்கக் கம்பெனிகள் அல்ல என்பார்கள். அது உண்மைதான். ஆனால் 1870களில் அந்தக் காப்பியே தண்டுத்துளைப்பானாலும் இலைத்துரு நோயாலும் நொடிந்துகொண்டிருந்தது. பல தோட்டங்கள் கைவிடும் நிலையில் இருந்தன. மழை மிகுந்த நிலத்தில், அருகில் விதை தரும் காடு நிற்கும்போது, கைவிட்ட தோட்டம் சில பத்தாண்டுகளில் காடாக மீளத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் தங்கம் வந்தது. விலைபோகாத காப்பி நிலத்தைக் கம்பெனிகள் வாய்க்கு வந்த விலை கொடுத்து வாங்கின. நிலம் சந்தைப்பொருளாயிற்று; எல்லைகள் அளக்கப்பட்டன; சாலை போடப்பட்டது; முதலீட்டாளருக்கு மலையின் முகவரி தெரிந்தது. பொன் ஏமாற்றியபோது இவையெல்லாம் மலையை விட்டு இறங்கிவிடவில்லை. அடுத்து வந்த தேயிலை இவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. கிளென்ராக், வெண்ட்வொர்த் என்ற பெயர்கள் தங்கக் கம்பெனிகளின் பெயர்களாகவும் இருந்தன, பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட்டுகளின் பெயர்களாகவும் இருக்கின்றன. காப்பியிலிருந்து தேயிலைக்கு நிலம் கைமாறிய பாதையில் தங்கம் ஒரு பாலம். காடு தன்னைச் சரிசெய்துகொள்ள வாய்த்திருந்த இடைவெளியை அந்தப் பாலம் அடைத்துவிட்டது என்பதே என் வாதம்.

பின்னர் நடந்தவை இந்த அடித்தளத்தின் மேல் நடந்தவை. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கு வாழ்வு தர 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், பிறகு டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அது பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் பகுதிகளில் காட்டு நிலத்திலேயே பரவியது. அந்த மக்களின் துயரத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேலையும் கூரையும் தந்தது அரசின் கடமை. ஆனால் தேயிலைக்கு ஏற்ற இடம் என்று ஏற்கெனவே முத்திரை விழுந்த மலையாக இல்லாவிட்டால் அந்தக் கடமையை நிறைவேற்ற இந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்குமா? 2022இல் டான்டீ தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பித்தர அரசு முடிவெடுத்தது. 1969ஆம் ஆண்டுக் கூடலூர் சன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் எஸ்டேட் நிலங்களின் வழக்கோ தலைமுறைகளைக் கடந்து இழுக்கிறது. துண்டுதுண்டான காடுகளுக்கிடையே யானை வழிதேடி நடக்கிறது. தேயிலைத் தொழிலாளி விடியற்காலையில் அதன் எதிரே நடக்கிறார்.

இது நிலத்தின் கதை; பாதரசத்தின் கதை வேறு. கல்லைப் பொடியாக்கி, பொன்துகளைப் பாதரசத்தில் ஒட்டவைத்து, பிறகு சூடாக்கிப் பிரிப்பதே அக்கால ஆலைகளின் முறை. அதில் ஒரு பங்கு பாதரசம் கழிவுமண்ணோடு ஓடைக்குப் போகும். இன்னொரு பங்கு ஆவியாகும். மழைக்காட்டில் அந்த ஆவி எங்கே போகிறது என்பதைப் பெருவின் லோஸ் அமிகோஸ் காட்டில் நடந்த ஆய்வு 2022இல் காட்டியது: வெட்டப்படாமல் நிற்கும் அடர்ந்த காடே அதை இலைகளில் பிடித்து, மழைநீரோடும் சருகோடும் மண்ணுக்கு இறக்குகிறது. காட்டின் அடர்த்தியே நஞ்சைச் சேர்க்கும் வலையாகிறது. அழிந்த பரப்பை எண்ணும் கணக்கில் இந்தக் காடு ‘சேதமில்லாதது’ என்ற பத்தியில்தான் நிற்கும். தேவாலாவில் பழைய சுரங்கங்களுக்குள் இன்றும் சட்டத்துக்குப் புறம்பாக ஆட்கள் இறங்குகிறார்கள். கூலிவேலை போதாத குடும்பத்து ஆண்களே பெரும்பாலும். மண் சரிந்து உயிர்போன செய்திகள் வருகின்றன. பாதரசத்தைக் கையால் பிசைந்து, அடுப்பில் வைத்துப் பிரிக்கும் வேலையும் நடக்கிறது. இங்கிருந்து வழியும் நீர் பாண்டியாறு–புன்னம்புழா வழியே நிலம்பூர்ப் பக்கம் இறங்கிச் சாலியாற்றில் சேர்கிறது. மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் அதற்கு இல்லை.

பொன் கிடைத்த இடத்தில் என்ன ஆயிற்று? கோலார் தங்கவயல் மழைக்காடல்ல, வறண்ட மேட்டுநிலம். ஆயினும் ஒப்பீட்டுக்கு அது தேவை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28இல் மூடியது வரை அங்கே சுமார் 800 டன் பொன் எடுக்கப்பட்டது. மிஞ்சியது 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட சயனைடு கலந்த கழிவு மேடு. வட ஆற்காட்டிலிருந்து போன தலித் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் காற்றடிக்கும் காலத்தில் அந்தப் புழுதிக்குள் வாழ்கிறார்கள். அந்நகரத்துக்குத் தண்ணீர் வந்தது பாலாற்றின் மேலுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து. அதே பாலாறு 348 கிலோமீட்டர் ஓடி, இதை நான் எழுதும் படாளத்துக்கு வடக்கே செங்கல்பட்டைக் கடந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலைத் தொடுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றில் பொன் இல்லை, மணல் இருந்தது. லாரி லோடு என்ற அளவிலேயே அது கணக்கிடப்பட்டது. மணல் போனபின் ஆற்றுப்படுகைக் கிணறுகளில் எவ்வளவு நீர் குறைந்தது, கரும்புக்கு எத்தனை அடி ஆழ்துளை இறக்க வேண்டியிருக்கிறது என்பவை எந்த உரிமத்தின் கணக்கிலும் இல்லை. தேவாலாவில் தவறிய கணக்கே இங்கும் தவறுகிறது: எடுத்த பொருள் எழுதப்படுகிறது, எடுத்த பின் நிலத்துக்கு என்ன நேர்கிறது என்பது எழுதப்படுவதில்லை.

பாதரசம் பற்றிய மினமாத்தா உடன்பாட்டை இந்தியா 2018இல் ஏற்றது. சிறு அளவிலான தங்கச் சுரங்கத் தொழிலில் பாதரசத்தைக் குறைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. காவலர்களை அனுப்பித் தேவாலாவின் கூலியாட்களைப் பிடிப்பதால் மட்டும் அது நிறைவேறாது. 19ஆம் நூற்றாண்டுச் சுரங்க வாய்கள் ஒவ்வொன்றும் வரைபடத்தில் குறிக்கப்பட்டு மூடப்பட வேண்டும். பழைய ஆலைகள் நின்ற இடங்களிலும் அவற்றுக்குக் கீழுள்ள ஓடைகளிலும், வண்டல், மீன் இரண்டிலும், பாதரசம் அளக்கப்பட வேண்டும். நிலம்பூர் வரை தொடர்ந்து, கேரள அரசோடு சேர்ந்து. டான்டீ திருப்பித்தரும் நிலத்தில் எது காடாக வேண்டும், எப்படி என்று முடிவெடுக்கும்போது, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் ஊர்களின் கிராமசபைகள் முதலில் கேட்கப்பட வேண்டும். நாட்டில் புதிதாகத் தங்கச் சுரங்கத்துக்கு விண்ணப்பிக்கும் எவரும், சுரங்கம் தோற்றால் அந்த நிலம் யாருக்கு, எந்த நிலையில் திரும்பும் என்பதை அனுமதிக்கு முன்பே எழுதித்தர வேண்டும். அதற்கான பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.