கன்ன எலும்பு: நான்கு பொருத்துகளின் உடற்கூற்றியல்

1. நோக்கம்

முக அழகைப் பற்றிய பேச்சில்தான் கன்ன எலும்பு பெரும்பாலும் இடம்பெறுகிறது. ஆனால் கண்ணுக்கு அரணாக நிற்பதும், மெல்லும் விசையைத் தாங்குவதும், முகத்தசைகளுக்குப் பிடிமானம் தருவதும் இதே எலும்புதான். இதன் நடுப்பகுதி உறுதியானது. அண்டை எலும்புகளோடு சேரும் இடங்கள் நொய்யவை. இதன் முறிவையும் சிகிச்சையையும் புரிந்துகொள்ள இந்த வேறுபாடே திறவுகோல் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. அமைப்பும் பொருத்துகளும்

முகத்தின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இந்த எலும்பு, கருவின் எட்டாவது வாரமளவில் குருத்தெலும்பு நிலையைக் கடக்காமல் சவ்விலிருந்தே நேரடியாக உருவாகத் தொடங்குகிறது. இதற்கு மூன்று பரப்புகள் உண்டு.

அ) வெளிப்பரப்பு: கன்ன மேட்டை உருவாக்குவது.
ஆ) கண்குழிப் பரப்பு: கண்குழியின் வெளிச்சுவரிலும் தரையிலும் பங்குகொள்வது.
இ) பின்பரப்பு: பொட்டுப் பள்ளத்தை நோக்கியது.

மேலே நெற்றி எலும்பு, உட்புறமும் கீழும் மேல்தாடை எலும்பு, பின்னே பொட்டெலும்பு, கண்குழிக்குள் ஆப்பெலும்பு என நான்கு எலும்புகளோடு இது பொருந்துகிறது. கடைவாய்ப் பற்களில் எழும் மெல்லும் விசை, மேல்தாடைப் பொருத்தின் வழியே இதற்குள் ஏறி, நெற்றிக்கும் பொட்டுக்கும் பகிரப்படுகிறது.

3. கண்ணோடு உள்ள தொடர்பு

கண்குழி விளிம்புக்குச் சற்று உள்ளே, நெற்றிப் பொருத்துக்கு ஏறத்தாழ 11 மி.மீ. கீழே, ஒரு சிறு மேடு உண்டு. 1911இல் அதை விவரித்த விட்னாலின் பெயராலேயே அது வழங்குகிறது. இமைகளின் வெளிமுனையை இழுத்துப் பிடிக்கும் பிணையமும், விழியைத் தாங்கும் பிணையமும் அங்கே பற்றியுள்ளன. ஆகவே எலும்பு கீழிறங்கினால் கண்ணின் வெளிமுனையும் உடன் இறங்கும்.

4. கன்ன வளைவும் தசைகளும்

கன்ன எலும்பின் பின்நீட்சியும் பொட்டெலும்பின் முன்நீட்சியும் கூடிக் கன்ன வளைவாகின்றன. வளைவின் கீழ்விளிம்பிலிருந்து மெல்லுதசை தொடங்கிக் கீழ்த்தாடைக்கு இறங்குகிறது. பொட்டுத்தசையோ வளைவில் பற்றாமல், அதன் உட்புறமாக நழுவிச் சென்று கீழ்த்தாடையின் முன்நீட்சியைப் பிடிக்கிறது. அத்தசையைப் போர்த்திய உறுதியான உறை மட்டும் வளைவின் மேல்விளிம்பில் முடிகிறது. புன்னகைக்கும்போது வாயோரத்தை மேலிழுக்கும் தசை, கன்ன எலும்பின் வெளிப்பரப்பில் தொடங்குகிறது.

5. முறிவின் இயல்பு

கைமுட்டிக் குத்து, வாகன விபத்து போன்றவற்றில் நடுப்பகுதி நொறுங்குவதைவிட, பொருத்துகளில் விலகி எலும்பு முழுதாக உள்ளே அமுங்குவதே மிகுதி. இதை 'முக்காலி முறிவு' என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் பொருத்துகள் நான்காகையால் நான்கையும் சோதிப்பதே முறை.

விளைவுகள் யாவும் இடத்தைச் சார்ந்தவை. முறிவு கண்குழியின் கீழ்விளிம்பை ஒட்டி ஓடினால், அங்குள்ள நரம்பு நசுங்கிக் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகும். கண்குழித் தரை உடைந்தால் காட்சி இரண்டாகத் தெரியலாம். வளைவு உள்ளமுங்கினால் கீழ்த்தாடையின் முன்நீட்சியைத் தடுத்து, வாயை முழுதாகத் திறக்கவிடாது.

6. உடற்கூறு காட்டிய சிகிச்சை வழி

1927இல் ஹரோல்டு கில்லீஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முறை, மேலே கண்ட அமைப்பை அப்படியே பயன்கொள்கிறது. பொட்டில், முடிக்குள் மறையும்படி ஒரு சிறு கீறல்; உறையைத் திறந்து, அதற்கும் தசைக்கும் இடையே நெம்புகருவி செலுத்தப்படுகிறது. உறை வளைவில் முடிய, தசை வளைவுக்கு உள்ளே செல்வதால், கருவி தானாகவே எலும்பின் அடியை அடைகிறது. அமுங்கிய எலும்பை, முகத்தில் வடு விழாமல் தூக்கி நிறுத்த முடிகிறது. நிலைக்காத முறிவுகளுக்கு இன்று டைட்டானியத் தகடும் திருகும் பொருத்துகளின் ஓரத்தில் வைக்கப்படுகின்றன.

7. முடிவு

அடிபட்ட முதல் நாட்களில் வீக்கம் கன்னத்தின் பள்ளத்தை மறைத்துவிடும். தோற்றத்தை மட்டும் நம்பினால் முறிவு தப்பிவிடும். பார்வையை முதலில் சோதித்து, உணர்ச்சியையும் வாய் திறக்கும் அளவையும் அறிந்து, விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்து, ஐயமிருந்தால் சிடி ஸ்கேன் எடுப்பதே நெறி. கன்ன எலும்பு செய்யும் பணிகளை அறிந்தவருக்கே அதன் காயமும் புலப்படும்.