களத்து மேடு

சென்ற சித்திரையில் ஒரு பிற்பகல். வடக்கனந்தலில் எங்கள் வீட்டுத் திண்ணையில், கல்வராயன் மலையைப் பார்த்தவண்ணம் சாய்ந்திருந்தேன். பக்கத்தில் என் தமக்கையின் மகன், மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, மிக மும்முரமாகக் கள்ளிச் செடி நட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி, நம் ஊரில் கள்ளிக்குப் பஞ்சமா?" என்று கேட்டேன்.

"இது அரிஸோனாக் கள்ளி, மாமா. நாற்பது அடிகூட வளரும். கிளை விடவே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும்" என்றான். அவனுக்கோ அரை நிமிஷத்தில் கிளை விட்டது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் கோல்ப் ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் ஆடுவதோடு, மைதானத்தை நாமே சிருஷ்டிக்கவும் செய்யலாமாம். அமெரிக்காவில் சொனோரன் பாலைவனத்தில் உள்ள டி.பி.சி. ஸ்காட்ஸ்டேல் என்ற மைதானத்தை அவன் மூன்று வாரமாக நிர்மாணம் செய்துகொண்டிருந்தான். 2020-ல் வெளியான ஒரு விளையாட்டில் அந்த மைதானம் ஏற்கெனவே இருக்கிறது. "பிறகு உனக்கு என்ன வேலை?" என்றால், "அது அவர்கள் கட்டியது, இது நான் கட்டுவது" என்கிறான். ரசம் ஒன்றுதான் என்றாலும் வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் வேறல்லவா? மேலே பேச எனக்கு வாயில்லை.

கோல்ப் ஸ்காட்லாந்தின் கடற்கரையில் வளர்ந்த ஆட்டம். மழை தண்ணீர் ஊற்றிற்று, ஆடு புல்லை வெட்டிற்று. அந்த ஆட்டத்தைப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? அரிஸோனாவில் 1980-ல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. கண்ட இடமெல்லாம் புல் வளர்க்க முடியாது. 1983-ல் ஜாக் நிக்லஸ் என்ற ஆட்டக்காரர் அங்கே டெஸர்ட் ஹைலண்ட்ஸ் என்ற மைதானத்தை வகுத்தார். பந்து விழ வேண்டிய இடத்தில் மட்டும் புல். மற்றதெல்லாம் கல்லும் முள்ளும் கள்ளியும். கடலில் தீவுகள் போல மணலில் பச்சைத் திட்டுக்கள்!

1986-ல் டாம் வைஸ்காப், ஜே மோரிஷ் என்ற இருவர் ஸ்காட்ஸ்டேல் மைதானத்தை அமைத்தார்கள். நிலமோ தட்டையான பாலை. ஜனங்கள் இருந்து வேடிக்கை பார்க்க வேண்டுமே என்று மண்ணை வாரிக் குவித்து மேடுகள் எழுப்பினார்கள். அங்கே பதினாறாவது குழிக்குத் தூரம் சுமார் 160 கெஜந்தான். பந்தயக் காலத்தில் அதைச் சுற்றிச் சாரம் கட்டி, இருபதினாயிரம் பேர் உட்கார்ந்து ஆரவாரம் செய்கிறார்கள். ஆக, அசல் மைதானமே மனிதன் கையால் செய்ததுதான். என் மருமான் செய்வது நகலுக்கு நகல்!

நகல் எடுக்கும் வித்தையும் இன்று வந்ததல்ல. 1990-ல் 'லிங்க்ஸ்' என்றொரு விளையாட்டு வந்தது. கலிபோர்னியாவின் டாரி பைன்ஸ் மைதானத்தை அதில் உருவாக்கினார்கள். இப்போது விமானத்திலிருந்து லேசர் ஒளியைத் தரையில் பாய்ச்சி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் கணக்கிடுகிறார்கள். லைடார் என்று பெயர். அந்தக் கணக்கை அமெரிக்க அரசாங்கம் இலவசமாகவே கொடுக்கிறது. அதை வாங்கிப் போட்டால் மேடும் பள்ளமும் தாமாக எழுந்து நிற்கின்றன. கள்ளி நடுவதுதான் பாக்கி.

இதைக் கேட்டதும் எனக்கு லாம்டன் துரையின் நினைவு வந்தது. 1802, ஏப்ரல் 10. சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் நூறு அடி உருக்குச் சங்கிலி ஒன்றை நீட்டினார். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்றதால் இந்தியா வந்து சேர்ந்த சங்கிலி அது. வெயிலில் உருக்கு நீளுமே என்று அதற்குக் கூடாரம் போட்டு, உஷ்ணமானியும் வைத்தார்கள். ஏழரை மைலை அளக்க, ஏறக்குறைய நானூறு தடவை அந்தச் சங்கிலியை எடுத்து எடுத்து வைத்தார்கள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தேசம் முழுவதும் காகிதத்தில் ஏறியது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கருவி மோதி நசுங்கிற்று. அந்த மனிதர் மனந்தளராமல் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். அவர் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாகத்தான், 1852-ல் ராதாநாத் சிக்தார் எவரெஸ்டின் உயரத்தை, அதில் ஏறாமலே கணக்கிட்டார்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து என் தாயார் வந்தாள். வயது எழுபத்திரண்டு. திரையைச் சற்று நேரம் பார்த்தாள்.

"ஊரான் மேட்டையெல்லாம் கட்டுறியே ராசா, நம்ம களத்து மேட்டைக் கட்டிக் காட்டேன்" என்றாள்.

எங்களுக்குச் சுருக்கென்றது. அம்மா பிறந்த வீட்டுக்கு எதிரே இருந்த மேடு அது. மேலே ஒரு புளியமரம். மேட்டுக்கு அப்பால் கிணறு. விற்றுப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. வாங்கியவர்கள் மேட்டைக் கரைத்து மனை போட்டுவிட்டார்கள். ஒரு புகைப்படம்கூட இல்லை.

பெட்டியைக் குடைந்து பழைய நிலப்படத்தின் நகல் ஒன்றை எடுத்தேன். சர்வேக்காரர்களின் அளவுக்கும் லிங்க்ஸ் என்றுதான் பெயர். எட்மண்ட் கண்ட்டர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1620-ல் வகுத்த 66 அடிச் சங்கிலிக்கு நூறு கண்ணி. ஒரு கண்ணி ஒரு லிங்க். வாசலை ஒட்டிய எல்லைக் கல்லிலிருந்து கிணற்றுக்கு 200 லிங்க்ஸ் என்று படத்தில் இருந்தது. ஆனால் உயரம்? புலப்படத்தில் நீள அகலம் உண்டு, உயரம் கிடையாது.

"ஆயா, வாசல்லே நின்னா மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன தெரியும்?" என்று கேட்டான் பையன்.

"எங்கப்பா கிணத்தடியில நின்னா தலைப்பாகை மட்டும் தெரியும். அது தெரிஞ்சதும் கூழ் கரைக்க ஓடுவேன்."

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏழு வயதுச் சிறுமியின் கண் மூன்றரை அடி உயரம். தலைப்பாகையோடு பாட்டனார் ஐந்தரை அடி. மேட்டின் உச்சி சரியாக நடுவழியில். கணக்குப் போட்டால் நாலரை அடி! அவ்வளவுதான். புல்லும் புளியமரமும் வைத்துக் காட்டினான்.

அம்மா உதட்டைப் பிதுக்கினாள். "இதுவா? இது வரப்பு மாதிரி இல்லே இருக்கு! நம்ம மேடு மலையாட்டம் இருக்குமே!"

பையன் மேட்டைத் தொடவில்லை. பார்க்கிறவரின் கண்ணை மட்டும் மூன்றரை அடிக்குத் தாழ்த்தினான். மேடு எழுந்து வானத்தை மறைத்தது. அதன் முதுகுக்கு மேலே, கிணற்றடியில் அவன் நிறுத்தியிருந்த ஆள்உருவத்தின் தலை ஒரு பொட்டுப்போலத் தெரிந்தது.

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பா வந்துட்டாரு" என்று மெதுவாகச் சொன்னாள்.

லாம்டனும் லேசரும் அளக்காமல் விட்டதை ஒரு தலைப்பாகை அளந்து கொடுத்தது. ஆனால் அதை அளந்த கண்ணுக்கு இன்று எழுபத்திரண்டு வயது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கண் இருக்கலாம். இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.