எதிர் வீடு

கம்பத்து டீக்கடையில் பேப்பர் விரித்தால் சுற்றிச் சுற்றி ஒரு வழக்கு வந்துவிடும்: தமிழ்நாடு அரசு எதிர் கேரள அரசு. ஆங்கிலத்தில் அந்த ‘எதிர்’ இருக்கும் இடத்தில் ‘வி.எஸ்.’ என்று இரண்டே எழுத்து. வெர்சஸ் என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம்.

லத்தீனில் ‘வெர்த்தெரெ’ என்றால் திருப்புவது. அதிலிருந்து வந்த வெர்சஸுக்கு முதலில் ‘ஒன்றை நோக்கித் திரும்பிய’ என்றுதான் பொருள். இடைக்கால நீதிமன்றங்களின் லத்தீனில்தான் அது ‘எதிராக’ என்று ஆனது. லத்தீனில் உழவுச்சாலுக்கும் வெர்சஸ் என்று பெயர் உண்டு. வயல் கோடியில் ஏர் திரும்புகிறதல்லவா? அங்கிருந்து அது எழுத்து வரிக்குப் போய், ஆங்கிலத்தில் செய்யுளைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ ஆனது.

இந்த வேரின் முன்னால் ‘ரி’ சேர்ந்தால் ரிவர்ட், பழைய நிலைக்குத் திரும்புவது. ‘கன்’ சேர்ந்தால் கன்வர்ட், வேறொன்றாக மாற்றுவது. நான் வேலையில் தினமும் புழங்கும் வெர்ஷனும் இதே குடும்பம்தான். ‘டை’ சேர்ந்தால் டைவர்ஷன், விலக்கித் திருப்புவது. கம்பம் பள்ளத்தாக்கு சோறு தின்பது இந்தக் கடைசிச் சொல்லால்.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் 999 வருஷக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய். பென்னிகுவிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணீரை, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அதை நம்பி இருக்கிறது. இன்ஜினியர் டைவர்ஷன் என்பதை எங்கள் விவசாயி ‘தண்ணியத் திருப்பி விட்ருக்கு’ என்பார். மடை திருப்பிப் பழகியவருக்கு லத்தீன் எதுக்கு?

திருப்பிய தண்ணீரே பிறகு வழக்காகத் திரும்பியது. அணையின் பாதுகாப்பு பற்றிய பயத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006இல் 142 அடி வரை தேக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இங்கே வயல் காய்ந்துவிடும் என்ற பயம் உண்மை. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் தூங்கப் போகிறவர்களின் பயமும் உண்மை. இரண்டு பயமும் முட்டிக்கொண்ட 2011 டிசம்பரில் குமுளிப் பாதையே அடைபட்டது.

ஆனால் மற்ற நாட்களில் கம்பத்திலிருந்து விடிகாலையில் ஜீப்புகள் மலையேறும். பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள். இங்கே விளைந்த காய்கறி அங்கே போகும். வழக்குக்கு வி.எஸ். இல்லாமல் பெயர் வைக்க முடியாதுதான். அதற்கு நாம் போட்ட தமிழ்ச் சொல்லிலும் அந்தப் பழைய லத்தீன் பொருள் உயிரோடு இருக்கிறது. எதிரியும் எதிர்தான். காபிப்பொடி தீர்ந்தால் டம்ளரை நீட்டுகிற எதிர் வீடும் எதிர்தான்.