இருமியவன் சொன்ன சேதி

சங்கரன்கோவிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் புற்றுமண் இல்லாமல் திரும்புவதில்லை. சொறி, சிரங்கு முதலிய தோல் நோய்களுக்கு அது கைகண்ட மருந்து என்று அந்தச் சீமையில் தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறார்கள். மண்ணுக்கு மருத்துவ குணம் உண்டா என்ற வழக்கில் நான் இப்போது இறங்கப் போவதில்லை. தனக்கு நோய் இருக்கிறது என்று அறிந்தவன்தான் அதைத் தேடிப் போகிறான் என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்தியர் வீட்டுத் திண்ணையிலும் அதே முறைதான். நோயாளி வருவான், வைத்தியர் நாடி பார்ப்பார். அழைக்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, "உனக்கு நோய் இருக்கிறது" என்று சொல்லும் வைத்தியரை ஊரார் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வழக்கம் தலைகீழாயிற்று. தான் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு வயலில் உழுகிறவனை வைத்தியம் தேடிப் போக ஆரம்பித்தது. அதற்கு முக்கியமான காரணம் க்ஷயரோகம். அதன் கிருமியை ராபர்ட் காக் 1882-ல் கண்டுபிடித்து அறிவித்தார். 1895-ல் ராண்ட்ஜென் எக்ஸ்ரே ஒளியைக் கண்டார். 1936-ல் பிரேஜில் நாட்டு டாக்டர் மானுவெல் டி ஆப்ரூ, மார்பு எக்ஸ்ரேயைச் சின்னஞ்சிறு பிலிமில் மலிவாகவும் விரைவாகவும் எடுக்க வழி செய்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? பல தேசங்களில் யந்திரம் வண்டியில் ஏறிற்று. ஊர் ஊராக ஜனங்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தால் க்ஷயத்தை வேரோடு பிடுங்கி விடலாம் என்று பெரியவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் அமெரிக்காவில் கண்டது. பல வகைப் பிலிம்களில் எது சிறந்தது என்று தீர்மானிப்பதற்காக 1,256 பேருடைய படங்களை ஐந்து நிபுணர்களிடம் கொடுத்தார்கள். பிலிமுக்குப் பிலிம் இருந்த வேற்றுமையைவிட நிபுணருக்கு நிபுணர் இருந்த வேற்றுமைதான் அதிகமாக இருந்தது. அதே படத்தைக் கொஞ்ச நாள் கழித்து அதே மனிதரிடம் காட்டினால் அவர் தம் தீர்ப்பையே மாற்றிச் சொன்னார்! இந்த விவகாரத்தை ஆராய்ந்த யெருஷல்மி என்ற புள்ளிவிவர நிபுணர் 1947-ல் இரண்டு அளவுகோல்களை வகுத்துக் கொடுத்தார். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது ஒன்று. நோயில்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது மற்றது. இன்று ரத்தப் பரிசோதனை முதல் புற்றுநோய்ச் சோதனை வரையில் எல்லாவற்றையும் எடை போடுவது இந்த இரண்டு தராசுகளில்தான்.

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூருக்கே போவோம். பால்வண்ணநாதர் சந்நிதிக்கு எதிரே எக்ஸ்ரே வண்டி வந்து நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள 10,000 பேர் வரிசையில் வருகிறார்கள். ஆயிரத்துக்கு மூவர் வீதம் 30 பேருக்கு க்ஷயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனையும் மட்டமானதல்ல, நோயாளிகளில் நூற்றுக்கு 90 பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 95 பேரைச் சரியாக விட்டுவிடும். அப்படியானால் 30 பேரில் 27 பேர் அகப்படுவார்கள். மூவர் தப்பி, "எனக்கு ஒன்றுமில்லை என்று மெஷினே சொல்லிவிட்டது" என்று இருமிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். மீதி 9,970 பேரில் நூற்றுக்கு ஐவர் வீதம் ஏறக்குறைய 498 பேர், ஒரு நோயும் இல்லாதவர்கள், சந்தேகப் பட்டியலில் ஏறுவார்கள். பட்டியலில் மொத்தம் 525 பேர். அவர்களில் உண்மையான நோயாளி ஏறக்குறைய இருபதில் ஒருவர்தான் என்று சொல்லலாம். அவ்வளவு நெருங்கி வருகிறது கணக்கு.

அந்த 498 பேரின் கதி என்ன? மறுசோதனையில் பெரும்பாலோர் விடுதலை ஆகிவிடுவார்கள் என்று டாக்டர் சொல்லலாம். ஆனால் நிச்சயதார்த்தம் ஆன பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் ஒரு வாரம் இருந்தால் போதாதா? க்ஷயக்காரர் குடும்பம் என்ற பேச்சு கிளம்பிவிட்டால் அதற்கு மறுசோதனை கிடையாது.

இனி, உண்மையாகவே அகப்பட்ட அந்த 27 பேரைப் பார்ப்போம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நம் தேசத்தில் நோயாளிகள் லட்சக்கணக்கில். சானடோரியம் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். உனக்கு க்ஷயம் என்று சொல்லிவிட்டு, இடமில்லை, போய் வா என்று அனுப்புவதற்கா ஒருவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்? தேடுகிறவன் கையில் மருந்து இருக்க வேண்டும் என்ற நியாயம் யாருக்கும் புரியும். ஆனாலும் வில்சன், யுங்னர் என்ற இருவர் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக அதைப் பத்து விதிகளில் சேர்த்து எழுதியது 1968-ல்தான்.

அந்த நியாயத்துக்கு வழி பிறந்த இடம் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் ஏற்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தார், நகரத்து ஏழைகளான 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே, ஒரே அறையில் பலர் நெருக்கிப் படுக்கும் வீடுகளிலேயே, ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமடைந்திருந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், அவர்களுக்கும் அதனால் அதிகப்படியாக நோய் தொற்றிவிடவில்லை. படுக்கை இல்லை என்ற சாக்கு அன்றோடு தீர்ந்தது. உலகத்தின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடியதற்குச் சேத்துப்பட்டுக்கும் பங்கு உண்டு.

மருந்து வந்துவிட்டது, இனி எக்ஸ்ரே வண்டியை முடுக்கலாம் அல்லவா? இந்தக் கேள்விக்குப் பெங்களூரில் 1959-ல் தொடங்கிய தேசிய க்ஷயரோக நிலையத்திலிருந்து பதில் வந்தது. கிராமத்து ஜனங்களுக்கு நோய் உணர்வே கிடையாது, நாம்தான் போய்ப் பிடிக்க வேண்டும் என்று பட்டணத்துப் படிப்பாளிகள் சொல்லி வந்த காலம். பானர்ஜி, ஆண்டர்ஸன் என்ற இருவர் தும்கூர் ஜில்லாக் கிராமங்களில், சோதனையில் அகப்பட்ட நோயாளிகளையே நேரில் விசாரித்தார்கள். பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் ஏற்கனவே ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மிக்ஸர் ஒரு பாட்டில்! ஆராய்ச்சி 1963-ல் பிரசுரமாயிற்று. இருமியவன் தானே வந்து சேதி சொல்லியிருக்கிறான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. எனக்கு இந்த முழுச் சரித்திரத்திலும் மனத்தை உறுத்துகிற இடம் அந்தப் பாட்டில்தான்.

ஆகவே, இருமிக்கொண்டு வருகிறவனின் சளியை மைக்ராஸ்கோப்பில் பார் என்பது தேசியத் திட்டமாயிற்று. கணக்கும் அதன் பக்கமே பேசிற்று. நாள்பட்ட இருமலோடு வருகிற 1,000 பேரில் 100 பேருக்கு நோய் என்று கொள்வோம். முன் சொன்ன அதே சோதனை 90 நோயாளிகளைப் பிடிக்கும். 45 பேரை வீணாகச் சந்தேகிக்கும். பட்டியலில் மூவரில் இருவர் உண்மையான நோயாளிகள். சோதனை அதேதான். யாரைச் சோதிக்கிறோம் என்பது மாறிற்று, அதன் வார்த்தைக்கு மதிப்பு வந்துவிட்டது. மைக்ராஸ்கோப்புக்கும் குறை உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் சில ஆயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் அதன் கண்ணுக்குத் தென்படும். ஆனால் ஊருக்கு அதிகம் பரப்புகிறவர்களும் அத்தகைய நோயாளிகளே.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய சர்வே அப்படி முடிய விடவில்லை. அதில் கண்ட நோயாளிகளில் நூற்றுக்கு 42-க்கு மேற்பட்டோர், எக்ஸ்ரே எடுக்காமல் இருமலை மட்டும் விசாரித்திருந்தால் தப்பியிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் நூற்றுக்கு 64 பேர் வைத்தியம் தேடிப் போகவில்லை. ஏன் போவார்கள்? பாட்டன் காலத்துப் பாட்டிலை ஊர் மறந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இப்போது எக்ஸ்ரே வண்டி மறுபடி ஓடுகிறது. கைக்கு அடக்கமான யந்திரம். படத்தைப் படிப்பது கம்ப்யூட்டர். 498 பேரின் கேள்வி அதற்கும் உண்டு.

தமிழ்நாட்டில் 2022-ல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்று தொடங்கினார்கள். நோய் என்று உறுதியானவுடன் ஒருவரை நிறுத்தி எடை பார்க்கிறார்கள், மூச்சை எண்ணுகிறார்கள், விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டிப் பிராணவாயுவின் அளவைப் பார்க்கிறார்கள், காலில் வீக்கம் உண்டா, பிறர் கை பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். சில நிமிஷங்களில் முடிகிற காரியம். இதில் தேறாதவரை மருந்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடாமல், ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்கிறார்கள்.