கிச்சிலிச் சம்பா மணிலா போய் வந்த கதை

எங்க வீட்டுக் குதிரில் கடைசியாக எந்த வருஷம் விதை நெல் கொட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஸ்கூலுக்குப் போன காலத்திலேயே அது காலி. பழைய சாக்கும் அறுந்த கயிறும்தான் உள்ளே கிடக்கும். அப்பா டெப்போவில் விதை வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். ஆயா வாசப்படியில் உட்கார்ந்தபடியே, "விதைய காசு குடுத்து வாங்கறதெல்லாம் ஒரு பயிரு"ன்னு முணுமுணுக்கும். அப்பா காதில் வாங்கமாட்டார். நானும்தான்.

சென்னையிலிருந்து என்னிடம் கிச்சிலிச் சம்பா அரிசி வாங்குகிறவர்கள், "இது ஆயிரம் வருஷத்து நெல்லா?" என்று கேட்கிறார்கள். ஆமாம்னு சொன்னால் இரண்டு கிலோ கூட வாங்குவார்கள். ஆனால் அது உண்மை இல்லீங்க.

1912-இல் கோயம்புத்தூரில் வெள்ளைக்காரன் அரசாங்கம் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஆரம்பித்தது. அங்கே கோணமணி என்கிற பழைய நெல்லில் தானாக மாறி நின்ற ஒரு பயிரைப் பிரித்தெடுத்துப் பெருக்கினார்கள். 1921-இல் வெளியே வந்த அந்த நெல்லுக்கு ஜி.இ.பி. 24 என்று பேர். கவர்ன்மென்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட் என்ற பதவிப் பேரின் முதல் எழுத்துகள் அவை. நம்ம ஜனங்க வாயில் அது நுழையுமா? கிச்சிலிச் சம்பா ஆகிவிட்டது. சன்ன ரகம், சோறு நல்லா இருக்கும். அஞ்சு மாசப் பயிர். உரம் கொஞ்சம் கூடிப்போனால் சாய்ந்துவிடும்.

பிறகு திருவள்ளூர் பக்கம் திரூர்க்குப்பம் நிலையத்தில் இதை கோ 18 என்ற ரகத்தோடு சேர்த்து டி.கே.எம். 6 எடுத்தார்கள். தண்டுத் துளைப்பானுக்குத் தாக்குப்பிடிக்கும் என்று அதற்கு நல்ல பேர். அந்த நெல் கப்பலேறி பிலிப்பைன்ஸ் போனது. நம்ம பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்கிறோமே, மணிலாக்கொட்டைதான் மல்லாட்டை ஆனது. அங்கேயிருந்து கொட்டை வந்த மாதிரி, இங்கேயிருந்து நெல் போயிருக்கிறது.

அங்கிருந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர். 8-ஐ வெளியிட்டது. குட்டை ரகம், உரத்தைத் தின்னும், சாயாது. நம்ம வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் அதில் கிடைத்த மகசூலைப் பார்த்துவிட்டு, பிறந்த பிள்ளைக்கு ஐஆர் எட்டு என்றே பேர் வைத்தார். சிரிக்காதீங்க. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடே எதிர்பார்த்திருந்த காலம் அது. சோறு ஆறினால் கல்லு மாதிரி ஆகும், ஆனால் வயிறு நிறைந்தது. ஆயா வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

1969-இல் ஐ.ஆர். 20 வந்தது. அதன் அப்பன் ஆத்தாவில் ஒன்று நம்ம டி.கே.எம். 6. அதாவது டெப்போவில் அப்பா வாங்கி வந்த அந்த மூட்டையில் இருந்தது கிச்சிலியின் பேரப்பிள்ளை. ஆந்திராவின் பாபட்லாவில் எடுத்த பி.பி.டி. 5204-க்கும் கிச்சிலி ஒரு பாட்டன். நீங்க ஆந்திரா பொன்னி என்று மூட்டையாக வாங்கிச் சாப்பிடுவது பெரும்பாலும் அதைத்தான்.

கேம்பிரிட்ஜ், சென்னை இரண்டு பல்கலைக்கழகத்துக்காரர்களும் 1973-74-இல் வட ஆற்காட்டு கிராமங்களில் தங்கி இந்த மாற்றத்தை ஆராய்ந்தார்கள். 1977-இல் வந்த புத்தகத்தின் தலைப்பே 'பசுமைப் புரட்சி?' என்று கேள்விக்குறியோடுதான். அதைத் தொகுத்தவர் பேர் ஃபார்மர்! புது விதை போட்ட நிலம் சர்க்கார் கணக்கைவிட ரொம்பக் குறைவு என்று கண்டுபிடித்தார்கள்.

என் கணக்கு வேறு. ரகம் மாறியதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கிற பயிர். ஐ.ஆர். 20-ஐயும் வீட்டிலேயே விதை எடுத்து வைத்திருக்கலாம். வீரிய ஒட்டு மக்காச்சோளம் மாதிரி இல்லை இது. ஆனால் டெப்போவில் கிடைக்குது என்றானதும் கலவன் பிடுங்குவதையும் கதிர் பொறுக்குவதையும் விட்டுவிட்டோம். குதிர் காலியானது அப்படித்தான்.

அதன் விலையை ஒரு சம்பாப் பட்டத்தில் நான் கொடுத்தேன். வாங்கிய விதை கலப்படம். வயலில் பாதி பூத்து, பாதி பச்சையாக நின்றது. பில்லைத் தொலைத்துவிட்டதால் கேட்க வழியில்லை. அடுத்த வருஷம் ஒரு விதைத் திருவிழாவில் கிச்சிலி 2 கிலோ கிடைத்தது. 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் பரப்பிய வழக்கம் இது. ஒற்றை நாற்றாக நட்டால் 2 கிலோவே கிட்டத்தட்ட ஒரு ஏக்கருக்குப் போதும்.

நான் செய்வது இவ்வளவுதான். வயல் நடுவில் கொஞ்சம் இடத்தை விதைக்கென்று ஒதுக்குவேன். பூக்கும்போது ஒரு முறை, கதிர் முற்றும்போது ஒரு முறை கலவனைப் பிடுங்குவேன். கல்லில் அடித்துத்தான் எடுப்பேன். மெஷினில் விட்டால் முந்தின வயல்காரன் நெல்லும் சேர்ந்து வரும். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை காயவைத்து, நொச்சி இலை போட்டுக் கட்டிவைப்பேன். விதைக்கும் முன் 100 நெல்லை ஈரச் சாக்கில் சுருட்டி, எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவேன். 2001-ஆம் வருஷத்துச் சட்டப்படி விதையை எடுத்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் எனக்கு உரிமை உண்டு. பிராண்டு பேர் போட்டு மட்டும் விற்கக்கூடாது.

நானும் அஞ்சு பேருக்குக் கொடுத்தேன். திருப்பித் தந்தது மூணு பேர்தான். ஒருத்தர் அரைத்துச் சாப்பிட்டுவிட்டார். இன்னொருத்தர், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிற எங்க மாமா, "அடுத்த பட்டம் பாக்கலாம் மாப்ள" என்றே ரெண்டு வருஷம் ஓட்டினார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான்.

2021 நவம்பர் மழையில் எங்க வீட்டுச் சுவர் ஒரு பக்கம் ஊறி, விதை மூட்டை அடியோடு முளைவிட்டுவிட்டது. கையில் ஒரு படி கூட நல்ல நெல் இல்லை. மாமாவுக்கு போன் போட்டேன். "உன் நெல்லுதான் இங்க மச்சில கெடக்கே, வந்து எடுத்துட்டுப் போ" என்றார். போனேன். நாலு கிலோ கேட்டேன், எட்டு கிலோ அளந்து போட்டார். வண்டியை எடுக்கும்போது, "பாதியத் திருப்பிக் குடுத்துடணும்டா" என்றார்.